வீரம்மாவின் கீழ்ப்பல்

என் அம்மாவின் கீழ்த்தாடை என் மேசையில் இருக்கிறது. சாந்தில் வார்த்த அச்சு. மஞ்சள் நிறம். அதன் முன்பக்கத்தில் இரண்டு சிறு உருண்டைகள் துருத்திக்கொண்டு நிற்கும்.

கண்டியில் கட்டுப்பல் செய்யும் ஒரு கூடத்தில் வேலை செய்கிறேன். வேலை முடிந்ததும் அச்சுகளை உடைத்துப் போட்டுவிடுவது வழக்கம். வைக்க இடம் போதாது. இதை மட்டும் உடைக்கவில்லை. அம்மா போன ஐப்பசி மழைக் காலத்தில் இறந்துபோனாள். அவள் முகம் சில நேரம் மங்கலாகத்தான் நினைவுக்கு வருகிறது. தாடை அப்படி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் இது அவளுடையது என்று சொல்லிவிடுவேன்.

அம்மாவின் பெயர் வீரம்மா. தலவாக்கலையில் இருந்து பூண்டுலோயாவுக்குப் போகும் பாதையில் இறங்கி, மண் ரோட்டில் மேலே ஏறினால் எங்கள் லயம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள். அங்கேயே பிறந்தாள், அங்கேயே கொழுந்து எடுத்தாள், அங்கேயே என்னை வளர்த்தாள். அப்பா எனக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டார். தோட்டத்தில் அம்மாவை விடக் கூடக் கொழுந்து எடுத்தவர்கள் உண்டு. ஆனால் புது மலையில் பொலி சொல்ல அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் வெறும் குச்சிதான் மிஞ்சும். அது மாதக்கணக்கில் கிடந்து மறுபடி துளிர்க்கும். அந்த மலையில் முதல் கொழுந்து எடுக்கும் நாளில், கை வைப்பதற்கு முன்னால் ஒருத்தி பொலி சொல்ல வேண்டும். "பொலியோ பொலி!" விளைச்சல் பெருகட்டும் என்று மலையைப் பார்த்துச் சொல்வது. அவள் குரல் கொடுக்க, நிரைகளில் நிற்கிற மற்றவர்கள் வாங்கித் திருப்பிச் சொல்வார்கள். பிறகுதான் முதல் கிள்ளு. பொலி சொல்ல வாய் நிறையத் திறக்க வேண்டும். வெட்கப்படுகிறவளால் முடியாது. அம்மாவின் குரல் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்கும் கேட்கும் என்பார்கள். அதை நான் சோதித்ததில்லை. எங்கள் லயத்து வாசலுக்குக் கேட்கும். அது எனக்குத் தெரியும்.

நாற்பது வயதிலேயே அம்மாவின் பற்கள் ஆடத் தொடங்கின. ஈறு நோய். வெற்றிலையும் சேர்ந்துகொண்டது. தோட்டத்தில் ஆடுகிற பல்லுக்கு இருந்த ஒரே வைத்தியம் பிடுங்குவது. ஒவ்வொன்றாகப் போய், தொண்ணூற்றேழில் எல்லாம் போய்விட்டது. அப்போது நான் பேராதனையில் பயிற்சியில் இருந்தேன். நான் கட்டிய முதல் முழுச் செட்டு அம்மாவுக்குத்தான்.

மாட்டிவிட்டு, கண்ணாடியைக் காட்டினேன். இடமும் வலமும் திரும்பிப் பார்த்தாள்.

"யாருடி இவ? தொரசாணி மாதிரியில்ல இருக்கா!"

மேல் செட்டு நன்றாக நின்றது. அது அண்ணம் முழுவதையும் மூடிக்கொண்டு, எச்சிலின் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். கீழ் செட்டுக்கு அந்த வசதி இல்லை. நடுவில் நாக்கு இருக்கிறது. குதிரை லாடம் போல ஒரு வடிவம், ஈறின் மேட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும். பல் இல்லாத எலும்பு வருடத்துக்கு வருடம் கரையும். மேடு தட்டையாகும். தட்டையான மேட்டில் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் செட்டு ஆடத்தான் செய்யும். வாயைப் பெரிதாகத் திறந்தால், உதடும் கன்னமும் இழுத்து அதைத் தூக்கிவிடும். இரண்டாவது செட்டும் கட்டிக் கொடுத்தேன். அதுவும் ஆடியது.

மேல் செட்டு வேறொரு வேலைக்கும் பயன்பட்டது. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கத் தலவாக்கலையில் இருந்து ஒரு படக்காரர் வந்தார். கோயில் மண்டபத்தில் நீலத் துணி கட்டி, ஒரு ஸ்டூலைப் போட்டிருந்தார். அன்று நான் லீவில் வீட்டில் இருந்தேன். லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருந்து அழகம்மா ஓடி வந்தாள். அவளுக்கும் பல் எல்லாம் போய்விட்டிருந்தது. அம்மாவும் அவளும், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில், ஒரே தொட்டிலில் கிடந்தவர்கள் என்று இரண்டு பேருமே சொல்வார்கள். அவளை நான் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவேன்.

"வீரம்மா, பல்லக் குடு."

"எதுக்குடி?"

"போட்டோ புடிக்கத்தான். வாய மூடுனா எனக்கு மூக்கும் தாவாயும் ஒட்டிக்கிது. அந்த ஆளு, 'ஆயா, மூஞ்சிய நேரா வைங்க, நேரா வைங்க'ன்னு உசுர எடுக்கிறான். நேராத்தான்டி வச்சிருக்கேன்!"

அம்மா யோசிக்கவே இல்லை. மேல் செட்டைக் கழற்றி, உப்புத் தண்ணீரில் அலசி, நீட்டினாள்.

"அம்மா, அடுத்தவங்க வாயில வைக்கிற சாமான் இல்ல அது. நோய் வரும்" என்றேன்.

"போட்டோவுக்குத்தானே புள்ள கேக்குறா. எலும்பு கடிக்கவா கேக்குறா?"

அழகம்மாவின் வாயில் அது சரியாகப் பொருந்தவில்லை. ஆனாலும் உதட்டைத் தாங்கியது. குழி விழுந்த கன்னம் நிமிர்ந்தது. படக்காரர் "ஆ, இப்ப சரி" என்றாராம். அதன்பிறகு வேறு சிலரும் வந்தார்கள். கொதிக்க வைத்த உப்புத் தண்ணீர் ஒரு கோப்பையில் தயாராக இருந்தது. எங்கள் லயத்துப் பெண்கள் பலரின் அடையாள அட்டையில், மூக்குக்குக் கீழே ஒரே சாயல். அது என் அம்மாவின் சாயல். கீழ் செட்டை யாரும் கேட்கவில்லை. அது அம்மாவின் வாயிலேயே நிற்காது.

இரண்டாயிரத்து நான்கில், மேல் மலையில் முதல் கொழுந்து எடுத்த அன்று அது நடந்தது. அம்மா அதற்கு முன்பே வேலையில் இருந்து நின்றுவிட்டாள். ஆனாலும் பொலிக்கு மட்டும் செல்லசாமி கங்காணி வந்து கூப்பிடுவார். நிரைகளின் மேல் முனையில் நின்று, மூச்சை இழுத்து, "பொலியோ..." என்று தொடங்கினாள். கீழ் செட்டு வாயை விட்டுப் பறந்தது.

"யாரும் காலத் தூக்காதீங்க! நின்ன எடத்துலயே நில்லுங்க!" என்று செல்லசாமி கத்தினார்.

செடி செடியாகத் தேடினார்கள். கிடைக்கவில்லை. மத்தியானம் மடுவத்தில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், தராசில் போடும்போதுதான் கிடைத்தது. கீழே நின்ற ஒருத்தியின் கூடைக்குள் விழுந்து, கொழுந்தோடு கொழுந்தாகத் தராசு வரை போயிருக்கிறது. கணக்கப்பிள்ளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது யாரு கொழுந்து? பல்லு மொளச்சிருக்கு!"

"பல்லுக்குன்னு ரெண்டு கிலோ வெட்டிறாதீங்க ஐயா!" என்றாள் கூடைக்காரி.

மடுவமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்த முந்தானை பிறகு வாயை விட்டு இறங்கவே இல்லை.

அடுத்த மலைக்குச் செல்லசாமி வந்து கூப்பிட்டபோது, "தொண்ட கட்டியிருக்கு கங்காணி" என்றாள். அதற்கடுத்த மலைக்கும் தொண்டை கட்டியிருந்தது. வேறொருத்தி பொலி சொன்னாள். அம்மா லயத்து வாசலில் நின்று கேட்டாள். உள்ளே வந்தாள். கீழ் செட்டை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மேலே வைத்துவிட்டாள். ரொட்டியைப் பால் விடாத சாயத்தண்ணித் தேநீரில் ஊறவைத்துச் சாப்பிட்டாள். பேசும்போதும் கை வாயருகே போகும். நான் போன் எடுத்தால்கூட, அந்தப் பக்கம் அவள் வாயை மூடிக்கொண்டுதான் பேசுகிறாள் என்று தெரியும். குரல் துணிக்குள் இருந்து வரும்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்று இருந்தது. கீழ்த்தாடை எலும்பில், முன்பக்கம், கோரைப்பல் இருந்த இடங்களில் இரண்டு சின்னத் திருகாணி பதிப்பது. டைட்டேனியம் என்ற உலோகம். எலும்பு அதை வேற்றுப் பொருளாக நினைக்காது. மெல்ல வளர்ந்து பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகு, ஆணியின் தலையில் ஒரு குமிழ். செட்டின் அடியில் அதற்கேற்ற கிண்ணமும் ரப்பர் வளையமும். சட்டையின் அமுக்குப் பொத்தான் போல. அமுக்கினால் பிடிக்கும். கையால் இழுத்தால்தான் வரும். கண்டியில் அப்போதுதான் ஓரிருவர் இதைச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் டொக்டர் புனிதவதி. யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு வேண்டிய பல் வேலைகளை எங்கள் கூடம்தான் செய்து கொடுக்கும்.

அம்மாவிடம் சொன்னேன்.

"தாவாயில ஆணியா? நான் என்ன செவரா, காலண்டர் மாட்ட?"

"ஆணி இல்லம்மா. ஸ்குரூ."

"ரெண்டும் இரும்புதானே. சும்மா கெட புள்ள. இனிமே நான் வாயத் தொறந்து என்ன ஆகப்போவுது?"

அதைச் சொல்லும்போதும் கை வாயில் இருந்தது. நான் விடவில்லை. ஒவ்வொரு லீவுக்கும் போய் அதையே சொன்னேன். ஒருநாள் அழகம்மாதான் முடித்துவைத்தாள். "போடி போ. ஒனக்காகப் போகாட்டியும் எங்களுக்காகப் போ. அந்தப் புதுசு பொலி சொல்லுறா பாரு, காச்சக்காரி மொனங்குற மாதிரி இருக்கு. மல எப்புடி வெளையும்?"

இரண்டாயிரத்தாறின் நடுப்பகுதியில் அம்மாவைக் கண்டிக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் புனிதவதி எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு மெலிந்திருந்தாலும் முன்பக்கம் போதும் என்றார்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. விறைக்க ஊசி போட்டிட்டுத்தான் செய்வன். நோகாது."

"நோவு கெடக்கட்டுங்க. இத வச்சா வாய நல்லாத் தொறந்து கத்தலாமுங்களா?"

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். "எல்லாரும் இறைச்சி சாப்பிடலாமோ எண்டுதான் கேக்கிறவை. நீங்கள் ஆரைப் பார்த்துக் கத்தப்போறியள்?"

"மலையப் பாத்துங்க."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் பொலியைப் பற்றிச் சொன்னேன். அவர் எக்ஸ்ரே படத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "கத்தலாம்" என்றார்.

திருகாணி பதித்ததும் அம்மா என்னோடு கண்டியில் தங்கினாள். கஞ்சியும் பருப்பும்தான். எலும்பு பிடிக்கும் வரை அவசரப்பட முடியாது. அம்மா தினமும் நாக்கால் ஈறைத் தொட்டுப் பார்த்து, "மொளச்சிருச்சா?" என்று கேட்பாள். மூன்று மாதத்துக்குப் பிறகு டொக்டர் குமிழ்களைப் பூட்டினார். நான் அச்செடுத்து, புதிய கீழ் செட்டைக் கட்டினேன். மேசையில் இருப்பது அந்த அச்சுதான்.

முதன்முறை மாட்டியபோது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அம்மா திடுக்கிட்டாள். நாக்கால் தள்ளிப் பார்த்தாள். வாயைத் திறந்து பார்த்தாள். இன்னும் திறந்து பார்த்தாள். செட்டு அசையவில்லை.

"போ போன்னாலும் போக மாட்டேங்குதே இது!" என்றாள். அப்போது கை மடியில் இருந்தது.

லயத்துக்குத் திரும்பியதும் எல்லோரும் பார்க்க வந்தார்கள். அம்மா கழற்றிக் காட்டுவாள், மாட்டிக் காட்டுவாள். 'டக்' சத்தத்தைக் கேட்கவே பிள்ளைகள் வந்தார்கள். இரவல் கேட்டு ஒருத்தி வந்தாள். "மேல வேணும்னா வாங்கிட்டுப் போ. கீழ எனக்கு மட்டுந்தான் பூட்டும்" என்றாள் அம்மா. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆனால் தோட்டத்தில் வேறு பேச்சு பரவியது. வீரம்மாவின் தாடைக்குள் இரும்பு இருக்கிறது. இரும்பு இடியை இழுக்கும்.

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. அழகம்மாவின் புருசன் மூக்கன் கவ்வாத்துக்காரர். சில வருடங்களுக்கு முன், கையில் கத்தியோடு மலையில் நின்றபோது இடி விழுந்து செத்துப்போனார். அதில் இருந்து வானம் உறுமினால் எல்லோரும் கத்தியைத் தூக்கி எறிந்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். அம்மாவால் எதைத் தூக்கி எறிய முடியும்?

இரண்டாயிரத்தேழு சித்திரை. வருசப் பிறப்பு முடிந்து வேலை தொடங்கும் நாளும், மேல் மலையில் முதல் கொழுந்து எடுக்கும் நாளும் ஒன்றாக வந்தன. நல்ல நேரம் மத்தியானத்துக்குப் பிறகு என்று குறித்திருந்தார்கள். நானும் லீவு எடுத்துப் போனேன். அம்மா வெளுத்த சேலை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்திருந்தாள். நிரைகளில் எல்லோரும் இறங்கி நின்றார்கள். பூண்டுலோயாப் பக்கம் வானம் கறுத்து, தூரத்தில் ஒருமுறை உறுமியது.

அம்மாவுக்குப் பக்கத்து நிரைகளில் நின்றவர்கள் மெல்ல விலகினார்கள். செடிகளுக்கு நடுவே ஒரு வட்டம் காலியானது. அதன் நடுவில் அம்மா தனியாக நின்றாள்.

செல்லசாமி கங்காணி தலையைச் சொறிந்துகொண்டு மேலே வந்தார். "வீரம்மாக்கா, கோவிச்சுக்காதீங்க. ஒங்க வாயில இரும்பு இருக்கு. மல உச்சி வேற. இன்னைக்கி வேற யாராச்சும் சொல்லட்டும்."

நான் குறுக்கே போனேன். "அது எலும்புக்குள்ள இருக்கிற ரெண்டு சின்னத் துண்டுங்க கங்காணி. ஒங்க குடைக் கம்பிய விடச் சின்னது. இடிய இழுக்காது. இடி வந்தா யாருமே மலையில நிக்கக் கூடாது. அதுக்கும் அம்மா பல்லுக்கும் சம்பந்தமில்ல."

"நீ படிச்ச புள்ள, சொல்லுவ. விழுந்தா நானில்ல பதில் சொல்லணும்?"

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. என் பேச்சு யாரையும் நகர்த்தவும் இல்லை. அம்மாவின் கை மெல்ல மேலே போவதைப் பார்த்தேன். முந்தானையைத் தேடியது. இரண்டு வருடக் கெஞ்சல், ஒரு அறுவைச் சிகிச்சை, ஒரு நல்ல செட்டு. எல்லாம் அந்தக் கை வாய்க்குப் போனால் முடிந்தது.

கீழ் நிரையில் இருந்து ஒரு சத்தம். "வழிய விடுங்கடி!"

அழகம்மா ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது. காலியாக இருந்த வட்டத்துக்குள் நுழைந்து, அம்மாவின் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றாள்.

"இடி எப்புடி விழும்னு இங்க எனக்குத் தெரிஞ்ச மாதிரி ஒருத்திக்கும் தெரியாது. இவ பல்ல வாயில வச்சித்தான் எனக்கு ஐடி கெடச்சிச்சு. ஒங்கள்ல எத்தன பேருக்கு? பேச்சக் காணோம்? அப்ப மட்டும் இனிச்சிச்சா?" திரும்பி செல்லசாமியைப் பார்த்தாள். "கங்காணி, ஒங்க சம்சாரத்தோட ஐடிய எடுத்துப் பாருங்க, யாரு பல்லுன்னு."

யாரோ சிரித்தார்கள். செல்லசாமியும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தார். முதலில் ஒருத்தி, பிறகு இன்னொருத்தி, தங்கள் நிரைகளுக்குத் திரும்பி வந்தார்கள். வானம் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. உறுமல் கேட்கவில்லை.

"சொல்லுடி" என்றாள் அழகம்மா.

அம்மா கையை இறக்கினாள். வாயைத் திறந்தாள். நான் பல் கட்டுகிறவள், என் கண் அவள் கீழ் உதட்டில்தான் இருந்தது. செட்டு ஒரு நூல்கூட எழும்பவில்லை.

"பொலியோ பொலீ!"

நிரைகள் திருப்பிச் சொன்னன. அம்மா மறுபடி சொன்னாள். அதற்கு மேலும் சொன்னாள். வழக்கத்தை விடக் கூடச் சொன்னாள் என்று செல்லசாமி பிறகு முறையிட்டார். மழை அன்று எங்கள் பக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அம்மா ரொட்டியை ஊறவைக்காமல் கடித்தாள். ரப்பர் வளையம் தேய்ந்தால் போன் செய்வாள். "பொத்தான் லூசாயிருச்சு புள்ள." நான் போய் மாற்றிக் கொடுப்பேன். அம்மா வாயைத் திறந்தபடி காத்திருப்பாள். எங்களுக்குள் அதிகம் பேச்சு இருந்ததில்லை. இந்த வேலை இருந்தது.

போன ஐப்பசியில் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போய்ச் சேரும்போது முடிந்துவிட்டது. ஒரு நர்ஸ் பஞ்சில் சுற்றிய இரண்டு செட்டையும் கையில் தந்தார். நினைவில்லாதவர்களின் வாயில் இருந்து கழற்றி வைப்பது முறை. சரியாகத்தான் செய்திருந்தார்கள்.

லயத்துக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். கன்னம் ஒட்டி, உதடு உள்ளே போயிருந்தது. வேறு யாரோ மாதிரி இருந்தாள். வெளியே ஆட்கள் வாய்க்கரிசி போடக் காத்து நின்றார்கள். "எறந்தவங்க வாயில எதுக்கு அதெல்லாம்" என்று ஒரு பெரியவர் சொன்னார். அழகம்மா எழுந்தாள். எல்லோரையும் வெளியே அனுப்பி, காம்பராக் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"நீ ஒன் வேலையப் பாரு புள்ள."

உப்புத் தண்ணீரில் இரண்டு செட்டையும் கழுவினேன். மேலதை வைத்தேன். பிறகு கீழ். குமிழ்களை விரலால் தேடினேன். இருந்த இடத்திலேயே இருந்தன. எலும்பு அவற்றை விடவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினேன்.

'டக்.'

அந்தச் சத்தம் அழகம்மாவுக்கும் கேட்டது.

"மாட்டிக்கிச்சா?"

"மாட்டிக்கிச்சு சின்னம்மா."

கிட்ட வந்து முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் கீழ் உதட்டை ஒருமுறை விரலால் தொட்டாள்.

"இப்ப இவ வீரம்மா" என்றாள். போய்க் கதவைத் திறந்தாள்.